ஜப்பானில் ஓராண்டு மொழியும் பண்பாடும்: நிக்கென்ஸே திட்டம் பற்றிய மதிப்புரை

ஜப்பான் அரசின் கல்வி அமைச்சகமான மெக்ஸ்ட் வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்கும் உதவித்தொகைகளுள், முதுநிலை ஆய்வுக்கானதும் இளநிலைப் பட்டத்துக்கானதும் பரவலாக அறியப்பட்டவை. ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அந்நாட்டிலேயே தங்கிப் பயில வழிசெய்யும் மற்றொரு உதவித்தொகை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதில் சேர்ந்து பயில்பவர்களை ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் நிக்கென்ஸே என்று அழைப்பார்கள். கியோட்டோவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நிக்கென்ஸேயாகப் பயின்றவர் என்ற முறையில், இத்திட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை, யாருக்கு ஏற்றது என்பதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இத்திட்டம் மிக நல்லது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே அளவுக்கு நல்லதல்ல. ஊரின் அழகையும் பல்கலைக்கழகத்தின் புகழையும் பார்க்காமல், ஆண்டின் இறுதியில் ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதி முடிக்கச் செய்யும் பாடத்திட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே அந்த ஓராண்டு முழுப் பயன் தருகிறது.

திட்டத்தின் அடிப்படை விதிகள் எளியவை. ஜப்பானுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகக் கொண்டு இளநிலை படிக்கும் மாணவர்களுக்கு மட்டுமே இது உரியது. தனியார் வகுப்பில் மொழியைக் கற்றுக்கொண்டு வேறு துறையில் பட்டம் படிப்பவர்கள் எவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்க இயலாது என்பது வருத்தத்துக்குரிய கட்டுப்பாடுதான். தேர்வு பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. போகவும் வரவும் விமானச் சீட்டு கிடைக்கிறது. மாத உதவித்தொகை 1,17,000 யென். சில குறிப்பிட்ட பகுதிகளில் படிப்பவர்களுக்கு இதனோடு 2,000 அல்லது 3,000 யென் கூடுதலாகச் சேரும். பட்டம் எதுவும் வழங்கப்படுவதில்லை. பயிற்சி முடிந்ததும் தாய்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர வேண்டும்.

தூதரகத்தின் பரிந்துரை வழியாகச் செல்வோருக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. அவற்றுக்கு எல்லோரும் கடுமையாகத் தயாராகிறார்கள். அதே வேளையில், தேர்வைவிட முக்கியமான ஓர் ஆவணத்தைப் பலர் கவனமாகப் படிப்பதில்லை. அமைச்சகம் வெளியிடும் பாடத்திட்டக் கையேட்டைத்தான் சொல்கிறேன். இத்திட்டத்தில் பங்கேற்கும் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் என்ன கற்பிக்கின்றன, எந்த அளவு மொழித்தேர்ச்சியை எதிர்பார்க்கின்றன, எத்தனை பேரைச் சேர்க்கின்றன, தங்குமிடம் எப்படிப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். பாடத்திட்டங்கள் அங்கே இரு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, ஜப்பானைப் பற்றியும் அதன் பண்பாட்டைப் பற்றியும் படிப்பதை முதன்மையாகக் கொண்டு மொழிப் பயிற்சியைத் துணையாக வைப்பது; மற்றொன்று, மொழித்தேர்ச்சியை முதன்மையாகக் கொண்டு பண்பாட்டுப் பாடங்களைத் துணையாக வைப்பது. விண்ணப்பத்தில் விருப்ப வரிசைப்படி பல்கலைக்கழகங்களைக் குறிப்பிட வேண்டும். அந்த வரிசையை எழுதும் நேரத்தில்தான் ஓராண்டின் தன்மையே முடிவாகிறது என்பதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு உணர்வதைவிட, கையேட்டை விரித்து வைத்திருக்கும்போதே உணர்வது நல்லது.

இனி வகுப்புகள். சென்றவுடன் நடைபெறும் நிலைத்தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைப் பல நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சீனாவிலிருந்தோ தைவானிலிருந்தோ வரும் மாணவர்களுக்கு, ஜப்பானியர்கள் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்ட கஞ்சி எழுத்துகள் ஏற்கெனவே கைவந்தவை. செய்தித்தாளின் தலையங்கத்தை அவர்கள் பார்வையாலேயே பொருள்கொண்டு கடந்துவிடுவார்கள். தமிழ் பேசும் மாணவருக்கு நிலைமை நேர்மாறானது. வினைச்சொல் இறுதியில் வருவது, பெயருக்குப் பின் உருபு சேர்வது, பெயரெச்சத் தொடர் முழுவதும் பெயருக்கு முன்னால் நிற்பது ஆகியவை நமக்கு இயல்பான வாக்கிய அமைப்புகள் என்பதால், நீண்ட வாக்கியத்தைப் பேசி முடிப்பதில் நமக்குத் தயக்கம் குறைவு. ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வரையறுத்திருக்கும் 2,136 கஞ்சி எழுத்துகளையும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு உள்ள ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்புகளையும், ஒவ்வொன்றாக உழைத்தே சேர்க்க வேண்டியிருக்கிறது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரிக்கும்போது, வாசிப்பில் வேகமானவர்களும் பேச்சில் வேகமானவர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து, இரு தரப்பினரும் பாதி நேரம் காத்திருக்க நேர்கிறது. வாசிப்பு, எழுத்து, பேச்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிலை வகுக்கும் பாடத்திட்டத்தைத் தமிழ் மாணவர்கள் தேடிச் செல்வது நல்லது.

தமிழ்தான் தாய்மொழி என்று சொன்னால், மூத்த பேராசிரியர்கள் சிலர் உடனே ஓனோ சுசுமுவின் பெயரைச் சொல்வார்கள். பழைய ஜப்பானிய மொழியில் ஆழ்ந்த புலமை பெற்ற அவர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டவர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. ஆயினும், அந்தப் பெயரைச் சொல்லித் தொடங்கும் உரையாடல் பெரும்பாலும் நல்ல உரையாடலாகவே அமைந்தது என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

மொழிப் பாடங்களுள் எனக்கு மிகுந்த பயன் தந்தது கட்டுரை எழுதும் வகுப்பு. நண்பரிடம் பேசும் நடை, ஆசிரியரிடம் பேசும் நடை, ஆய்வுக் கட்டுரையின் நடை ஆகிய மூன்றும் ஜப்பானிய மொழியில் வினைமுற்றிலேயே வேறுபடுகின்றன. அவற்றைக் கலந்து எழுதினால், இலக்கணப் பிழை எதுவும் இல்லாமலேயே கட்டுரை படிக்கத் தகுதியற்றதாகிவிடும். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறாக வழங்கும் மொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் தேவை எளிதில் புரிகிறது. ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்த சக மாணவர்கள் பலருக்கு அது புரியவே சில மாதங்கள் ஆயின. வாரந்தோறும் எழுதித் தரும் பக்கங்களை ஆசிரியர் வரிவரியாகத் திருத்தித் தந்ததோடு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணத்தையும் ஓரத்தில் எழுதியிருந்தார். ஜப்பானிய மொழித்தேர்ச்சியை அளக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் எழுத்துப் பகுதியும் பேச்சுப் பகுதியும் இல்லை என்பதால், அதில் மேல்நிலைச் சான்றிதழ் பெற்றவர்கள்கூட ஒரு பக்கத்தைப் பிழையின்றி எழுதத் திணறுவதுண்டு. அந்தக் குறையை இத்தகைய வகுப்பு மட்டுமே நீக்க முடியும்.

பண்பாட்டு வகுப்புகளைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்ல முடியவில்லை. தேநீர் முறை ஒரு நாள், மலர் அமைப்பு ஒரு நாள், நோ நாடக அரங்குக்கு ஒரு நாள் என்று வரிசையாக அழைத்துச் செல்லும் 'அனுபவ வகுப்பு' பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. கியோட்டோவில் இதற்கு வாய்ப்புகள் ஏராளம். ஊராசென்கே, ஓமொத்தெசென்கே, முஷாகோஜிசென்கே ஆகிய மூன்று தேநீர் மரபுகளின் தலைமையிடங்களும், இக்கெனோபோ மலர் அமைப்பு மரபின் தலைமையிடமும் அங்கேதான் இருக்கின்றன. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, ஒரு மணி நேரம் ஒரு கிண்ணத்தைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புவதைப் பண்பாட்டுக் கல்வி என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அந்த நேரத்தை ஒரே ஒரு கலைக்கு ஒதுக்கி, ஒரு பருவம் முழுவதும் கற்பித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் குறைக்கு மாற்றாக அமைந்தது மாணவர்களே நடத்தும் தேநீர்ச் சங்கம். ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. நிக்கென்ஸேக்களும் சேரலாம் என்று யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள், நாமே சென்று கேட்க வேண்டும். அங்கே கற்றுத் தந்தது தேநீர் கலக்குவதை மட்டுமல்ல. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் பதித்த அடுப்பையும், மே முதல் அக்டோபர் வரை தரைமேல் வைக்கும் கணப்பையும் பயன்படுத்துகிறார்கள் என்பதால், பருவம் மாறும்போது அமரும் இடமும் கை செல்லும் திசையும் மாறுகின்றன. மனப்பாடம் செய்த முறையை மீண்டும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இதை ஒரு நாள் வகுப்பில் யாரும் உணர வாய்ப்பே இல்லை. மூத்த மாணவர், இளைய மாணவர் என்னும் உறவுமுறை அங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுவதால், பாடநூலில் அட்டவணையாகப் படித்த மரியாதை வினைகள் வாயில் இயல்பாக வரத் தொடங்கியதும் அங்கேதான். அதோடு, வகுப்பறையில் கற்பிக்கப்படும் பொதுமொழிக்கும் கியோட்டோவின் தெருக்களில் ஒலிக்கும் கன்சாய் வழக்குக்கும் உள்ள தொலைவையும் சங்கத்து நண்பர்களே கடக்க உதவினார்கள்.

இத்திட்டத்தின் மிகப் பெரிய பேறு ஆய்வுக் கட்டுரைதான். என் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டிப் பேராசிரியரை நியமித்து, ஆண்டின் இறுதியில் ஜப்பானிய மொழியில் ஒரு கட்டுரையை எழுதிப் பலர் முன்னிலையில் படிக்கச் செய்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், எடோ காலத்தில் (1603–1868) ஜப்பானுக்குச் சென்று சேர்ந்த இந்தியப் பருத்தித் துணிகள். அயல்நாட்டு வணிகம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில், 1641 முதல் நாகசாகியின் தெஜிமா தீவுக்குள் ஒடுக்கப்பட்டிருந்த டச்சு வணிகர்கள் கொண்டுவந்த சரக்குகளுள் சோழமண்டலக் கரையின் துணிகளும் இருந்தன. சாந்தோமின் பெயரைத் தாங்கிய கோடுபோட்ட துணி அங்கே பெரிதும் விரும்பப்பட்டு, பின்னர் உள்ளூரிலேயே அதைப் போல நெய்யத் தொடங்கினார்கள். சரசா என்று அங்கே அழைக்கப்படும் சாயம் தீட்டிய துணிகளைத் தேநீர்க் கலைஞர்கள் சிறுசிறு துண்டுகளாகப் பாதுகாத்து, தேநீர்த் தூள் வைக்கும் பாத்திரங்களுக்குப் பை தைத்து வைத்தார்கள். ஹிக்கொனே பகுதியை ஆண்ட இயி குடும்பத்தினர் சேகரித்த நூற்றுக்கணக்கான சரசாத் துண்டுகள் இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு கியோட்டோ நகரமே வேறுவிதமாகத் தெரியத் தொடங்கியது. ஜூலை மாதத்து கியோன் திருவிழாவில் 17ஆம் நாளும் 24ஆம் நாளும் ஊர்வலம் வரும் தேர்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அத்தேர்களைச் சுற்றித் தொங்கும் துணிகளிலும் விரிப்புகளிலும் பாரசீகம், இந்தியா, ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து வந்தவையும் அடங்கும். ஊர்வலத்துக்கு முந்தைய மாலைகளில் ஒவ்வொரு தேர்த்தெருவினரும் தங்கள் செல்வங்களைத் தெருவின் பொதுக்கூடத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள்; அங்கே நின்று பொறுமையாகக் கேட்டால், எந்தத் துணி பழையது, எது பழையதைப் பார்த்துப் புதிதாக நெய்தது என்பதைத் தெருவின் பெரியவர்கள் விளக்குவார்கள். ஒரு பொருளைப் பற்றிக் கேட்பதற்கு உண்மையான கேள்வி கையில் இருந்தால், ஜப்பானியர்கள் எவ்வளவு நேரமும் ஒதுக்கிப் பேசுகிறார்கள் என்பதை நான் கண்டது அந்த மாலைகளில்தான். அந்தக் கேள்வியைத் தந்தது ஆய்வுக் கட்டுரை. பழைய ஆவணங்களின் குழைந்த கையெழுத்தைப் படிக்கக் கற்பிக்கும் வகுப்பும் எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தது. தொடக்கத்தில் ஒரு வரியைப் படிக்கவே நெடுநேரம் ஆகும் என்றாலும், எடோ கால வணிகர் ஒருவரின் கணக்கில் துணியின் பெயரைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும் மகிழ்ச்சிக்கு ஈடாக நான் வேறெதையும் சொல்ல மாட்டேன்.

குறைகளுள் முதன்மையானது தனிமைப்படுத்தல். நான் பயின்ற இடத்தில் வெளிநாட்டு மாணவர்களின் வகுப்புகள் தனிக் கட்டடத்தில் நடந்தன. விடுதியும் வெளிநாட்டு மாணவர்களுக்கே உரியது. விடுதிக்குள் பொதுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. ஜப்பானிய மாணவர்களோடு சேர்ந்து அமரும் பொது வகுப்புகளில் சேர அனுமதி இருந்தும், அதற்கான வழிமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு தாளில் அடங்கிவிட்டது. உதவிக்கென்று நியமிக்கப்படும் ஜப்பானிய மாணவர், அதாவது டியூட்டர், முதல் சில வாரங்களில் வட்ட அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வதற்கும் வங்கிக் கணக்கு தொடங்குவதற்கும் பேருதவியாக இருந்தார். அதற்குப் பிறகு சந்திப்புகள் தானாகவே குறைந்தன. இது தனிமனிதரின் குறை அன்று, டியூட்டரின் பணி என்ன என்பதைப் பல்கலைக்கழகம் தெளிவாக வரையறுக்காததன் விளைவு. கட்டுரையின் முதல் வரைவைத் திருத்தித் தருவதுவரை அப்பணி நீள வேண்டும் என்று நான் கருதுகிறேன். அப்படி வரையறுத்திருக்கும் பாடத்திட்டங்களும் உண்டு என்பதைப் பிற ஊர்களில் பயின்ற நிக்கென்ஸேக்களிடமிருந்து அறிந்தேன்.

வாழ்க்கைச் செலவைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால் உதவித்தொகை போதும். வெளியே அறை எடுத்தால், உத்தரவாதம் தருபவர், வீட்டு உரிமையாளருக்குத் திரும்பப் பெறாத முன்பணம் என்று தொடக்கச் செலவு கூடிவிடும். முதல் மாதத் தொகை கைக்கு வரத் தாமதமாகும் என்பதால், ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர் கொண்டுவரும்படி அமைச்சகத்தின் விண்ணப்ப வழிகாட்டியே அறிவுறுத்துகிறது. ஒவ்வொரு மாதமும் நேரில் சென்று கையெழுத்திட்டால்தான் உதவித்தொகை வரும். விடுமுறையில் ஊருக்குச் செல்லத் திட்டமிடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. தங்குமிடம் உறுதியான 14 நாள்களுக்குள் வட்ட அலுவலகத்தில் பதிவு செய்து தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால், மருத்துவச் செலவில் 30 விழுக்காட்டை மட்டும் நாம் செலுத்தினால் போதும். சைவ உணவு உண்பவர்கள், காய்கறிக் குழம்பில்கூட மீன் ஊறிய சாறு கலந்திருக்கும் என்பதை எதிர்பார்த்துச் சமையலறை உள்ள விடுதியையே கேட்டுப் பெற வேண்டும். கியோட்டோவின் டோஃபுவும், சோயாப் பாலின் ஏடான யுபாவும் அவர்களுக்குப் பெரிய துணை. குளிர் கடுமையானது; பழைய கட்டடங்களின் தரைவழியே ஏறும் குளிரை நம் ஊர்க் கம்பளிச் சட்டை தாங்காது.

சொந்தச் செலவில் ஜப்பானிய மொழிப் பள்ளியில் சேர்வதோடு இதை ஒப்பிட்டுப் பலர் கேட்கிறார்கள். அப்பள்ளிகளில் வாரத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேர வகுப்பு உண்டு; அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் படிக்கலாம்; அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். ஜப்பானிலேயே மேற்படிப்பையோ வேலையையோ தேடுபவர்களுக்கு அது நேரான வழி. அவர்களுக்கு நிக்கென்ஸே திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொழியை ஓரளவு கற்று முடித்து, அந்த மொழியால் எதை அறிய விரும்புகிறோம் என்ற கேள்வியும் மனத்தில் உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த வாய்ப்பை நான் அறியேன். வேலைக்குச் செல்லும் கட்டாயம் இல்லாமல், நூலகமும் அருங்காட்சியகமும் பேராசிரியரின் நேரமும் நம் வசம் இருக்கும் ஓராண்டு பிறகு எளிதில் அமைவதில்லை.

விண்ணப்பிக்க எண்ணுபவர்கள், தூதரகத்தின் அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும் என்பதையும், பயணம் செப்டம்பர் அல்லது அக்டோபரில் இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துத் தங்கள் பருவத் தேர்வுகளைத் திட்டமிட வேண்டும். முந்தைய ஆண்டுகளின் எழுத்துத் தேர்வுத் தாள்களை அரசின் ஜப்பான் கல்வி இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பாடத்திட்டக் கையேட்டைப் படிக்கும்போது ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: ஆய்வுக் கட்டுரை கட்டாயமா, அதற்குத் தனி வழிகாட்டி உண்டா, ஜப்பானிய மாணவர்களின் வகுப்புகளில் எத்தனை பாடங்கள் எடுக்கலாம். கடிதத்தை ஜப்பானிய மொழியிலேயே எழுதுங்கள். பதில் எவ்வளவு விரிவாக வருகிறது என்பதைப் பார்த்தே விருப்ப வரிசையை எழுதிவிடலாம்.